எழுபத்து மூன்றாவது சுற்று

மருதாணிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று அடுப்படியிலிருந்து முத்துத்தாய் கேட்டாள். மகள் தங்கத்தாய் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தொண்டையைக் கட்டையாக்கி, "ஒரு நேரம் தண்ணி இல்லாட்டா உசுரா போயிரும்? நாக்கு வறண்டாத்தான் புத்தி நனையும்" என்றாள். தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குருநாதனின் விரல்களில் பிசைந்த சோறு அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சொல்லை அவர் முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தார். இதே வீட்டில், மச்சுக்குப் போகிற மரப்படியின் அடியில் நின்று, வெற்றிலைச் சாற்றை முற்றத்தில் துப்பிவிட்டு அவருடைய அப்பா சொன்னது. ஒரு எழுத்துக் கூடவில்லை, குறையவில்லை. அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் அவர். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்றாவது ஆள் மச்சு அறைக் கதவுக்கு உள்பக்கம் இருந்தாள்.

"யாரு சொன்னது அத?" என்று கேட்டார்.

"படத்துல வருது தாத்தா. அந்த அப்பன்காரன் சொல்லுவான். கொட்டகையில நாங்க எல்லாரும் கூடவே சொல்லுவோம்."

மோர் ஊற்ற வந்த முத்துத்தாய் மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு மகளை அதட்டினாள். குருநாதன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவும்போது செம்புத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து வீணாகப் போவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் சித்திரையில் ஊருக்கு வந்தது. ஆடி பிறந்தும் கொட்டகையை விட்டுப் போகவில்லை. பனவடலிசத்திரத்திலிருந்தும் குருவிகுளத்திலிருந்தும் பெண்கள் காலையிலேயே சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து மத்தியான ஆட்டம் பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டு தடவை பார்த்தவள் ஐந்து தடவை பார்த்தவளை ஏளனமாகப் பார்த்தாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊரில் எது நடந்தாலும் அது படத்தில் வந்ததாக இருந்தது. வாசற்படியில் ஒருத்தி கால் இடறினால் "படத்துல வாற மாதிரியே" என்றார்கள். தாய்ப்பசு இறந்த கன்றுக்குட்டி கத்தினால், கறிவேப்பிலைக்காரி சில்லறைக்குப் பதிலாக ஒரு கொத்து கூடக் கொடுத்தால், மழை வருவதுபோல் வந்து ஏமாற்றினால், எல்லாவற்றுக்கும் அதே பேச்சு. குருநாதன் சினிமாவுக்குப் போகிறவர் அல்ல. அவருடைய குடும்பத்தில் ஆண்கள் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. பெண்கள் போவதை அவர் மருமகள் காலத்தில்தான், வேறு வழியில்லாமல், பாராதது போல் விட்டிருந்தார்.

பிறகு பேச்சு அவர் வீட்டுக்கு வந்தது. தெருவில் போகிற பெண்கள் வாசலுக்கு நேரே வந்ததும் நடையைத் தளர்த்தி மச்சு ஜன்னலை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்கள். படத்தில் வருகிற வீட்டுக்கும் மச்சு உண்டாம், ஒரே ஒரு ஜன்னலாம், அதில் ஏழு கம்பியாம், நடுக்கம்பி மட்டும் வளைந்திருக்குமாம். முன்பின் தெரியாத ஒருத்தி இடுப்புப் பிள்ளையோடு நின்று கம்பிகளை விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அந்த நடுக்கம்பி எப்படி வளைந்தது என்று குருநாதனுக்குத் தெரியும். கேட்டால் சொல்ல அவரிடம் இன்னொரு பதில் இருந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருக்கும். அலுப்புதான் வந்தது. ஒரு வீட்டின் பேரைக் காப்பவனுக்கு ஓய்வு கிடையாது. ராத்திரி கதவைத் தாழிட்டாலும் பகலில் நாக்குகள் உண்டு, நாக்குகள் தூங்கினாலும் நினைப்பு உண்டு. ஆவணி பிறந்ததும் தங்கத்தாய்க்கு நிச்சயம் என்று சிவகிரிக்காரர்களோடு பேசி வைத்திருந்தது. அவர்கள் வயலும் தோப்பும் பெரிதாகப் பார்க்கவில்லை. குடும்பத்தைத்தான் விசாரித்தார்கள். மூன்று தலைமுறைக்குள் அந்த வீட்டில் பெண் பாவம் எதுவும் உண்டா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். கன்னி கழியாமல் கண்ணீர் விட்டுச் செத்தவள் இருக்கிற வீட்டில் அவர்கள் பெண் எடுப்பதில்லை. ஒரு தங்கச்சி இருந்தாள், காலராவில் போய்விட்டாள் என்று குருநாதன் சொல்லியிருந்தார். ஊருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, பூக்கட்டிக்கொண்டிருந்த பேத்தியிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டார், அந்தப் படம் எப்படித்தான் முடியும் என்று.

தங்கத்தாய்க்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நார் கையிலேயே நிற்க, கதையைச் சொன்னாள். கூத்துக்காரன் ஒருவனோடு போய்விடுவாள் என்று பயந்து, அப்பன் மகளை மச்சில் வைத்துப் பூட்டிவிடுகிறான். திருவிழா முடிகிறவரைக்கும் கதவு திறக்கக் கூடாது. சாவி அண்ணன்காரன் இடுப்பில். அந்தப் பெண்ணுக்கு ஒரு வேண்டுதல், அம்மன் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்ற வேண்டும். விடவில்லை. அதனால் அறைக்குள்ளேயே சுற்றுகிறாள்.

"காலடிச் சத்தம் மட்டும் கேக்கும் தாத்தா. அவளக் காட்ட மாட்டான். அண்ணன் மச்சுப்படியில உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பான். கதவோரத்துல ஒரு பலகை சுத்துக்கு ஒரு தடவ கிரீச்சுங்கும். நாங்க எண்ணுவோம். எழுபத்து மூணோட நின்னுரும்."

குருநாதன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. படம் அங்கனயே முடிஞ்சிரும். அவன் தெறந்தானா தெறக்கலையான்னு காட்டவே மாட்டான். அதுக்குத்தான் திரும்பத் திரும்பப் போறோம். இன்னைக்காவது தெறந்துர மாட்டானான்னு இருக்கு." அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பேதிப் பய, எட்டு தடவையும் உக்காந்தேதான் இருந்தான்."

அவர் திறந்தார். மறுநாள் விடிந்த பிறகு திறந்தார். மூன்று நாளாக உள்ளே தண்ணீர் போகவில்லை. கதவைத் திறந்தால் பாய்ந்து ஓடிவிடுவாள் என்று அப்பா சொன்னார். அதுவும் மெய்தான், பாய்ந்துதான் இருப்பாள். மச்சு ஓட்டுக்கு அடியில் ஆடி வெயில் அடுப்புச் சட்டிபோல் காய்ந்தது. எழுபத்து மூன்றில் நின்றபோது, களைத்துப் படுத்துவிட்டாள், நல்லது, இனிச் சத்தம் இருக்காது என்றுதான் அவர் நினைத்தார். தங்கச்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆறுமுகத்தாய் என்று பேர். அந்தப் பேரை இந்த வீட்டில் பிறகு எந்தப் பிள்ளைக்கும் வைக்கவில்லை.

ஆடித் தபசுத் திருவிழாவில் ஏழாம் நாள் மண்டகப்படி குருநாதன் குடும்பத்துக்கு. அன்றைக்குச் சப்பரம் அவர் வாசலில் நிற்கும். அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். இன்னொரு உரிமையும் உண்டு. மண்டகப்படிக்காரர் வீட்டு உச்சியில்தான் மைக்செட்டின் முதல் குழாய் ஏற வேண்டும். அந்த வருஷம் மைக்செட்டுக்காரர் முகம்மது மைதீன், தெருமுனை மின்கம்பத்தில் கட்டினால் சத்தம் நன்றாகப் பரவும், வீட்டை விட்டுவிடலாமா என்று பணிவாகத்தான் கேட்டார். குருநாதன் ஆமாம் என்றிருக்கலாம். இந்த ஒரு வருஷம் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"எங்க அப்பா காலத்துல தமுக்கு அடிக்கவன்கூட முதல்ல இந்த வாசல்லதான் அடிச்சான் வே. குழாய் மச்சு ஜன்னல்லதான் ஏறணும்."

"சரி அண்ணாச்சி. சாயந்தரம் அந்தப் படத்துக் கதை வசனத் தட்டு போடணும்னு பொம்பளையாளுக கேட்டுருக்காக. ஒங்களுக்குச் சம்மதந்தானே?"

குருநாதன் மச்சு ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். அந்தத் தட்டில் எல்லாம் வருமா என்று கேட்டார். காலடிச் சத்தம் வருமா என்று கேட்க நாக்குக் கூசியது, ஆனாலும் கேட்டார்.

"அது வராது அண்ணாச்சி. தட்டுல எடம் பத்தாதுன்னு கடைசிக் கட்டத்த வெட்டிட்டான். அதுக்கு என்னயத்தான் ஏசுதாளுக, நான் என்னமோ கத்திரிக்கோல் வச்சு நறுக்குன மாதிரி."

அப்படியானால் போடு என்றார். மறுத்தால், ஏன் மறுத்தார் என்று ஊர் கேட்கும்.

மைதீன் வெளியே ஏணி சாத்தி ஏறினார். குழாயைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட ஐந்து நிமிஷ வேலை. கால் மணி நேரம் ஆயிற்று. இறங்கி வந்தவர் கையைத் தட்டித் தூசியை உதறிக்கொண்டே, மச்சு அறை புழக்கத்தில் உண்டா என்று கேட்டார். பூட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றார் குருநாதன்.

"இல்ல, தரையில விரக்கடை தூசி கெடக்கு. நடுவுல வட்டமா ஒரு தடம் மட்டும் சுத்தமா இருக்கு. செக்கு சுத்துன மாதிரி."

"எலி."

"எலி வட்டமா ஓடுமா அண்ணாச்சி?"

"ஓடும்."

ஏழாம் திருநாள் சாயங்காலம் தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. ஈரமண் வாசமும் பந்தல் தென்னங்கீற்று வாசமும் நெய்ப்பந்தத்துக்குத் திரித்து வைத்த துணியின் எண்ணெய் வாசமும் கலந்து நின்றன. கோயிலில் ஆடிச் சுற்று சுற்றிவிட்டு வந்த பெண்கள், நூற்றெட்டு முடித்தவர்கள், வீங்கிய பாதங்களை நீட்டிக்கொண்டு எதிர்வீட்டு நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுகிறவர்களின் கால்வலியை ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அம்மன் வாங்கிக்கொள்வாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பந்தலுக்குள் ஜமக்காளத்தில் சிவகிரிச் சம்பந்தி துரைப்பாண்டியும் அவர் வீட்டாரும் இருந்தார்கள். குருநாதன் சலவை வேட்டி உடுத்து, முதுகை நிமிர்த்தி, அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முதுகு வலித்தது. சாய்ந்துகொள்ளவில்லை.

நாலரை மணிக்கு மைதீன் தட்டைப் போட்டார். குழாய் கரகரத்தது. எதிரே இருந்த பெண்களின் வாய்கள் எல்லாம் ஒன்றாக அசைந்தன. குழாயில் குரல் வருமுன்னே அவர்கள் சொல்லி முடித்தார்கள். தாய் பேசுவது, மகள் பேசுவது, கூத்துக்காரன் பேசுவது எதுவும் தப்பவில்லை. பிறகு அப்பன்காரனின் கட்டைக் குரல் அவருடைய மச்சிலிருந்து ஊர் முழுக்கப் போயிற்று. ஒரு நேரம் தண்ணி இல்லாட்டா உசுரா போயிரும்?

"நல்ல வசனம். நம்ம பக்கத்துப் பேச்சு" என்றார் துரைப்பாண்டி, பாக்கைக் கடித்தபடி. குருநாதன் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். 

வசனம் முடிந்தது. குழாய் அடங்கியது. வெயில் இறங்கி, மச்சு நிழல் தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரில் ஏறியிருந்தது. தூரத்தில், ரதவீதி திரும்புகிற இடத்தில், சப்பரத்துக்கு முன்னால் வருகிற மேளம் மெதுவாகக் கேட்டது. அந்த மேளத்துக்கு நடுவே, அதைவிட மெலிதாக, வேறொன்று கேட்டது. மரத்தரையில் வெறுங்கால் படுகிற ஓசை. அவசரமில்லாத நடை. அறையை வட்டமாகச் சுற்றிப் போய், திரும்பி, கதவோரம் வந்ததும் ஒரு கிரீச்.

"ஒன்னு" என்றார்கள் பெண்கள். முகங்களில் ஒரே சந்தோஷம். ஒருத்தி மைதீனைப் பார்த்து, இத இவ்வளவு நாளா எங்கவே ஒளிச்சு வச்சிருந்தீரு என்று கேட்டாள்.

குருநாதன் எலி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. சம்பந்தி வீட்டுப் பெண்களும் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். நாற்பதை நெருங்கும்போது மைதீன் பந்தலுக்குள் வந்து அவர் காதருகே குனிந்தார். வியர்வை வாடை அடித்தது.

"அண்ணாச்சி, நான் போடல. தட்ட எடுத்து உறையில போட்டுட்டேன். மிசினும் ஆப்ல கெடக்கு."

"சத்தம் போடாதேயும்" என்றார் குருநாதன். "போய் உம்ம எடத்துல உக்காரும். பாட்டுத் தட்டு எதையாவது போடும்."

"போட்டுப் பாத்தேன். குழாய் எடுக்க மாட்டங்கு."

அவர் எழுந்து, சம்பந்தியிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு, வீட்டுக்குள் போனார். நடையில் தடுமாற்றம் இல்லை. அடுப்படியில் யாரும் இல்லை. எல்லோரும் வாசலில். பானையின் குளிர்ச்சி கையில் பட்டது. ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டார். முப்பத்தொன்பது வருஷமாக மொள்ள நினைத்த செம்பு. மச்சுப்படியில் கால் வைத்தார். பதினாறு படி. ஒவ்வொன்றும் அவரை அடையாளம் கண்டுகொண்டு முனகியது. பழைய மரம், வௌவால் எச்சம், புழுங்கிய தூசி. அதற்கும் மேலே, வறண்ட ஏதோ ஒன்றின் வாடை. பனையோலை வெயிலில் கிடந்ததுபோல.

எழுபது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு.

எழுபத்து மூன்று.

நின்றது.

தெருவில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். இந்த இடத்தில் எல்லோரும் அழுவார்கள் என்று தங்கத்தாய் சொல்லியிருந்தாள். குருநாதன் மேல்படியில் நின்றார். நல்லது என்று நினைத்தார். அன்றைக்கு நினைத்த அதே நினைப்பு. அதே சொல். இனிச் சத்தம் இருக்காது.

கிரீச்.

தெருவில் உடனே யாரும் எண்ணவில்லை. பிறகு ஒரே ஒரு பெண், பயந்து, நம்பாமல் சொன்னாள்: "எழுபத்து நாலு."

எட்டு தடவை பார்த்தவர்கள். யாரும் கேட்டிராத சுற்று.

எழுபத்தைந்து. இப்போது கூட்டமாக. எண்பது. குரலில் ஓர் ஆசை ஏறியது. தொண்ணூறு. நடை வேகமாகவில்லை. காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தது. கதவுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில். நூறு. மேளம் தெருவுக்குள் திரும்பிவிட்டது. நெய்ப்பந்தத்தின் வெளிச்சம் படிச்சுவரில் சிவப்பாக ஆடியது. நூற்றைந்து. செம்பிலிருந்த தண்ணீர் தளும்பி அவர் காலில் விழுந்தது.

நூற்றெட்டு.

கீழே, படியடியில், தங்கத்தாய் வந்து நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். வெள்ளைத் திரையைப் பார்க்கிற முகம். முதலில் அவள் வாய்தான் அசைந்தது. சத்தமில்லாமல். அதற்குப் பிறகு கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணே. சுத்தி முடிச்சிட்டேன். கதவத் தெற."

இடுப்பில் சாவி. கை அதைத் தொட்டது. தெருவில் எல்லோரும் காத்திருந்தார்கள். பந்தலிலிருந்து துரைப்பாண்டியின் குரல் மட்டும் கேட்டது, "என்ன, சப்பரம் வந்துட்டு, பரிவட்டத்துக்கு அண்ணாச்சியக் காணோம்?"

கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்து. அதன் வழியாக நான்கு விரல்கள் வெளியே வந்தன. காய்ந்த அவரைநெற்றுப் போல. நகத்தில் கம்பியின் துரு. தரையைத் தடவின. தண்ணீர் சிந்திய இடத்தைக் கண்டுபிடித்தன. ஈரத்தில் நின்றன. மேலும் நீண்டன. செம்பைத் தேடின.

குருநாதன் செம்பை எடுத்து, விரல்களுக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்.

சாவியை மடிக்குள் செருகினார். உடம்பெல்லாம் அலுப்பு. மேல்படியில் உட்கார்ந்தார். முதுகு கதவுக்கு. முகம் கீழே. முன்பு உட்கார்ந்த அதே படி, அதே இடம், மரம் அவருக்காகவே குழிந்திருந்தது. படியடியில் தங்கத்தாயின் முகம் மெல்லச் சுருங்கியது. ஒன்பதாவது தடவை.

விரல்கள் அவர் வேட்டி ஓரத்தைப் பற்றின. இறுகப் பற்றின. விடவில்லை.

அவை பற்றியிருக்கும்போதே, கதவோரத்துப் பலகை கிரீச்சிட்டது.

தெருவில் பெண்கள் சொன்னார்கள்: "ஒன்னு."